இடதுபக்கத்து போஸ்ட்

எங்கள் ஊரில் கோல் போஸ்ட்டாக நிற்பது பெற்றோர்தான். பிள்ளை ஆடினால் அப்பாவோ அம்மாவோ வந்து நின்றாக வேண்டும். வேறு ஊர்களில் இரும்புக் குழாயை நட்டுவைத்துவிட்டு, பெற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கடலை கொறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது அவரவர் வளர்ப்பு. நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

என் பெயர் தங்கப்பாண்டி. மின்வாரியத்தில் வயர்மேன். போஸ்ட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினேழு வருஷமாக ஏறி இறங்குகிறேன். அதனால்தான் என் மகள் நாகஜோதி பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியில் சேர்ந்த அன்றைக்கே, ரெஃப்ரி மாசிலாமணி சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடது பக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வலது பக்கம் தையல்கடை அருள்தாஸ். அவர் மகள் பிரின்சியும் அதே அணிதான். எங்கள் இருவருக்கும் நடுவில் பதினாறு அடி.

நிற்பது என்றால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இல்லை. ஆட்டத்தன்று காலையில் என் மனைவி செல்வராணி என்னைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை சுண்ணாம்பு அடிப்பாள். "காதுக்குப் பின்னாடி காட்டுங்க. திட்டுத் திட்டா இருந்தா அந்த மனுஷன் திருப்பி அனுப்பிருவாரு" என்பாள். காய்ந்ததும் மைதானத்துக்கு நடந்தே போக வேண்டும். வண்டியில் உட்கார்ந்தால் முழங்காலில் வெடித்துவிடும். அங்கே போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றால், உள்ளங்கையின் மேல் பாரை ஏற்றுவார்கள். பார் என்பது மூன்று அம்மாக்கள். ஒருவர் கணுக்காலை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நீட்டிப் படுத்தால் கச்சிதமாகப் பதினாறு அடி வரும். அத்தை, சித்தி முறையில் உள்ளவர்கள் பின்னால் நின்று முந்தானைகளை முடிச்சுப் போட்டு வலையாகப் பிடித்துக்கொள்வார்கள். கார்னர் கொடிகளுக்குப் புதிதாகக் கல்யாணமானவர்கள். பின்னால் உதவும் என்று இப்போதே பழக்குவது. ரிட்டயர் ஆனவர்கள் கோடாகப் படுத்துக்கொள்வார்கள். நிழல் பார்த்துப் படுக்க முடியவில்லை என்பதுதான் அவர்களுக்கு ஒரே குறை.

போஸ்ட்டுக்கு விதி மூன்றே மூன்று. அசையக் கூடாது. பேசக் கூடாது. தன் பிள்ளையை மட்டும் பார்க்கக் கூடாது. முதல் இரண்டும் ஒரு மாதத்தில் பழகிவிடும். மூன்றாவது எனக்கு இன்றுவரை வரவில்லை. ஜோதி பந்தை உதைப்பதற்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். யாராவது இடித்துப் பல் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு யோசனை ஓடும். "நாக்கை உள்ளே போடு பாப்பா" என்று கத்தலாம் என்றால் நான் போஸ்ட். அவள் கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழும்போதெல்லாம் எனக்குத்தான் எரியும். அவள் மேல் எனக்கு அவ்வளவு உசிர். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

இந்த சீசனில் அவள் பதினோரு கோல் போட்டிருந்தாள். போட்ட கோலை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது வழக்கம்; பதினொன்றும் அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அணியிலேயே அதிகம். பிரின்சி எட்டு. அருள்தாஸிடம் நான் இதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அவர் கடைக்கு பேன்ட் தைக்கப் போகும்போது தற்செயலாகப் பேச்சில் வந்தால் வரும், அவ்வளவுதான்.

செமிஃபைனலில்தான் வினை வந்தது. ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஜோதி இடது ஓரமாகவே வந்து, நாக்கைக் கடித்து, ஓங்கி ஒரு உதை விட்டாள். பந்து என்னைப் பார்த்து வந்தது. பதினேழு வருஷம் கம்பி இழுத்த கண் இது. எங்கே போய் முட்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு வெளியே நாலு விரல் தள்ளிப் போகிற பந்து. உடம்பு தானாக நகர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பொய் எதற்கு? வேண்டுமென்றேதான் நகர்ந்தேன். இடது காலைத் தூக்கி நாலு விரல் தள்ளி வைத்தேன். பந்து என் இடுப்பை உரசிக்கொண்டு உள்ளே போய், என் கொழுந்தியாள் முந்தானையில் விழுந்தது.

அன்றைக்குப் பாரில் என் பக்கத்து முனையாகப் படுத்திருந்தது ரேஷன் கடை சாந்தா. புதிதாக வந்தவள். அதற்கு முன்னால் அந்த இடத்தில் படுத்தவர்கள் தூக்கத்தில் கெட்டி. சாந்தா அப்படி இல்லை. நான் நகர்ந்ததும் அவள் குதிகால் என் உள்ளங்கையிலிருந்து வழுக்கியது. "அய்யோ, போஸ்ட்டு நகருது!" என்று கத்திவிட்டாள்.

மாசிலாமணி சார் விசில் அடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு முனையை அருள்தாஸின் கால் கட்டைவிரலில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை என்னிடம் கொண்டுவந்தார். "பதினாறு அடி மூணு அங்குலம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். கோல் இல்லை என்று கையை ஆட்டினார். பிறகு என் காலைப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். ஆட்டம் டிராவில் முடிந்தது. டாஸ் போட்டதில் எங்கள் பிள்ளைகள் ஃபைனலுக்குப் போனார்கள்.

ஃபைனலுக்குப் போன அணியா அது? ஒரு பிள்ளை முகத்திலும் ஈயாடவில்லை. எதிர் அணியில் ஒரு குட்டி, வாயைப் பொத்திக்கொண்டு, "கோல் போட்டது அவ இல்லடி, அவங்க அப்பா" என்றது. ஜோதி காதில் அது விழுந்தது. வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, இந்த சீசன்ல பதினோரு கோல் போட்டிருக்கேன். அதுல அஞ்சு அந்தப் பக்கம். ஆறு உங்க பக்கம். அந்த ஆறுல..."

"எல்லாமே நீ போட்டதுதான் பாப்பா" என்றேன்.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலப்பா" என்றாள்.

நான் தூக்கிய கை தூக்கியபடியே, முகத்துச் சுண்ணாம்பைக் குழாயில் காட்டிக் கழுவப் போய்விட்டேன். உள்ளே அவள் தன் அம்மாவிடம் சொல்வது கேட்டது. "எது நான் போட்டது, எது அப்பா போட்டதுன்னே தெரியல. நான் என்னத்துக்கும்மா இனிமே ஆடணும்?" செல்வராணி கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுகிறவள். அன்றைக்கு அவள் சத்தமே காட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்பவும் உறைத்தது.

ஃபைனலுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. பத்தொன்பது நாளும் ஜோதி என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் நான் இருக்கும்போதே, "அம்மா, ரேங்க் கார்டுல கையெழுத்து வேணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பாள். நானும், "எத்தனாவது ரேங்க்குன்னு கேளு ராணி" என்பேன். செல்வராணி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? உங்களுக்கு வாய் இல்லையா, அவளுக்குக் காது இல்லையா?" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டு விட்டாள். அதற்குப் பிறகு ஜோதி துண்டுச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைக்க ஆரம்பித்தாள்.

ஊரில் என்னை மாற்றிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அருள்தாஸ் ரொம்ப இதமாக, "பாண்டியண்ணே, நீங்க கொஞ்ச நாளைக்குக் கோடா படுத்துக்கிடுங்களேன்" என்றார். நாற்பத்தோரு வயதில் என்னைக் கோடாகப் படுக்கச் சொல்கிறார்! "உங்க மக எட்டுக் கோல்தானே போட்டிருக்கு, அந்தக் கவலையை முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்னது தப்புத்தான். ஆனால் அந்த நேரத்தில் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

மாசிலாமணி சார் கூட்டம் போட்டார். கூட்டத்தில் ஒரு கடிதத்தைப் பிரித்து வாசித்தார். "ஐயா, ஃபைனலில் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் இடது போஸ்ட்டாக என் அப்பாவே நிற்க வேண்டும். வேறு யார் நின்றாலும் நான் ஆட மாட்டேன். அவர் அசையாமல் நின்றால்தான் எனக்குத் தெரியும். இப்படிக்கு, த. நாகஜோதி, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு." என்ன தெரியும் என்று அதில் எழுதவில்லை. சாரும் அதைக் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப தங்கப்பாண்டியே நிக்கட்டும்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் இந்த ஒரு தடவை நகராமல் நின்று காட்டினால், அதற்குப் பிறகு அந்த ஆறு கோலைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அவள் நம்புவாள். நகர்ந்தால், பிள்ளை ஆட்டத்தை விட்டுவிடுவாள். என்னிடம் பேசுவதையும்தான்.

அன்றிலிருந்து பழக ஆரம்பித்தேன். காலையில் வேலைக்குப் போனதும், ஆபீஸ் முற்றத்தில் நட்டிருக்கும் பழைய சிமென்ட் போஸ்ட் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு அரைமணி நேரம் நிற்பேன். எங்கள் இன்ஜினீயர் ஜீப்பில் ஏறும்போது பார்த்துவிட்டு, "குதிகால் ஒண்ணா இருக்கட்டும் தங்கப்பாண்டி" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனிதர். வீட்டில் சமையலறையில் நிற்பேன். ஒருநாள் செல்வராணி அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாவு வாங்கப் போனாள். பால் என் கண் முன்னாலேயே ஏறியது, பொங்கியது, அடுப்பெல்லாம் வழிந்து தரைக்கு வந்து என் காலைச் சுற்றிக்கொண்டு போனது. நான் அசையவில்லை.

"ஒரு லிட்டர் பாலுங்க! கையை நீட்டி அணைச்சா என்ன?" என்று கேட்டாள் அவள்.

போஸ்ட் பேசக் கூடாது. அவள் தரையைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் காலுக்கு அடியிலும் துடைத்தாள். "நின்னுருவீங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஃபைனல் சனிக்கிழமை நாலு மணிக்கு. முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் என் பக்கத்துக் கோலைக் காத்தார்கள். எதிர் அணி அடித்த பந்து ஒன்று நேராக வந்து என் வயிற்றில் விழுந்து திரும்பிப் போனது. கைதட்டலெல்லாம் கோல் கீப்பர் பிள்ளைக்குக் கிடைத்தது. போஸ்ட்டுக்கு யாரும் கைதட்டுவதில்லை, பரவாயில்லை. பிறகு வந்த பந்தை அந்தப் பிள்ளை விட்டுவிட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கிவிட்டோம்.

இரண்டாவது பாதியில் எங்கள் பிள்ளைகள் என் பக்கத்துக் கோலை நோக்கி வந்தார்கள். ஜோதி பாடாய்ப் பட்டாள். இரண்டு தடவை விழுந்தாள், எழுந்தாள். என் கழுத்தில் ஒரு கட்டெறும்பு ஏறி, சுண்ணாம்பு இல்லாத இடமாகப் பார்த்துக் கடித்தது. மேலே சாந்தா குறட்டை விட ஆரம்பித்திருந்தாள். இப்போது அவளும் பழகிவிட்டாள். நான் தண்ணீர்த்தொட்டிக்கு எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைப் பார்த்தால் கால் நகரும் என்று பயம்.

கடைசி நிமிடத்தில் பிரின்சியை இடித்துத் தள்ளினார்கள். விசில். பெனால்டி.

பந்தை வைத்தது ஜோதி. அப்போது நான் பார்த்தேன், பார்க்காமல் எப்படி இருப்பது? அவள் கோல் கீப்பரைப் பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தாள். பிறகு நாலடி பின்னால் போனாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'அருள்தாஸ் பக்கம் அடி ஆத்தா, அந்தப் பக்கம் அடி' என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் பக்கம்தான் அடித்தாள்.

நல்ல உதை. கோல் கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்துவிட்டாள். பந்து தரையோடு தரையாக நேரே என் காலை நோக்கி வந்தது. இரண்டு விரல். வெளிப்பக்கமாக இரண்டே இரண்டு விரல் நான் விலகினால் உள்ளே போய்விடும். சாந்தா குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள், யாருக்கும் தெரியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடது கால் தூக்கச் சொல்லிக் கெஞ்சியது. நான் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். பந்து வந்து என் கணுக்கால் எலும்பில் சடாரென்று மோதி, அப்படியே வெளியே போய், கோடாகப் படுத்திருந்த ரிட்டயர்டு தாசில்தாரின் வயிற்றில் ஏறி நின்றது.

விசில். தோற்றுவிட்டோம்.

எதிர் அணிப் பிள்ளைகள் குதித்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆங்காங்கே உட்கார்ந்துவிட்டார்கள். பிரின்சி தேம்பித் தேம்பி அழுதாள். ஜோதி அழவில்லை. நேராக மாசிலாமணி சாரிடம் போய், "சார், டேப்பு" என்றாள். சார் எடுத்துவந்து அளந்தார். "பதினாறு அடி" என்றார். "இன்னொரு தடவை சார்" என்றாள். இன்னொரு தடவை அளந்தார். "பதினாறு அடி. ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மாக்களை இறக்கினார்கள். சாந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டாள்.

பாரை இறக்கினாலும் போஸ்ட்டுக்கு உடனே கை இறங்காது. ஒரு நாள் ஆகும். நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். ஜோதி என் காலடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்து, முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

"வலிக்குதாப்பா?"

பத்தொன்பது நாளைக்குப் பிறகு என் பிள்ளை என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்ல பாப்பா."

"பொய் சொல்லாதீங்க."

"வலிக்குது" என்றேன். "உசிர் போகுது."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் வாயில் ஊற்றினாள். எனக்குக் கை இல்லையே. மிச்சத்தை வீக்கத்தில் ஊற்றினாள். பிறகு என் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்தால் பிள்ளைகள் போஸ்ட்டில் சாய்ந்து உட்காருவது வழக்கம்தான். என் மேல் அவள் சாய்ந்து உட்கார்ந்து பத்தொன்பது நாளுக்கு மேல் ஆயிற்று.

"அந்த ஆறுல எத்தனைப்பா?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை அவள் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"நாலு உன்னுது. ரெண்டு என்னுது."

"எது எது?"

"மழை பெய்ஞ்ச அன்னைக்கு ஒண்ணு. உன் பொறந்தநாள் அன்னைக்கு ஒண்ணு."

அவள் கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "பொறந்தநாள் கோல் நல்ல கோலுப்பா" என்றாள். குரல் உடைந்தது.

"நல்ல கோலுதான் ஆத்தா. நாலு விரல் வெளிய."

"நாலு விரலா?"

"நாலு விரல்."

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப அஞ்சும் நாலும் ஒம்போது" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பிரின்சி எட்டு. அப்பவும் நான்தான் ஜாஸ்தி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கணுக்கால் வலித்தது. பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அருள்தாஸ், "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

"ஒம்போதும் நான் போட்டது" என்று அவள் தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, "நாளைக்கே அந்த ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டு வந்துரணும்ப்பா" என்றாள். அதுதான் முறை. நானும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் என் கை இறங்கிவிட்டது. ஜோதி கட்டிலுக்கு அடியில் குனிந்து பதினோரு கோல்களையும் எண்ணிப் பார்த்து, அந்த இரண்டை மட்டும் வெளியே கொண்டுவந்தாள். மழைநாள் கோல் சின்னது, எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதைத் தூக்குவாளியில் வைத்து மூடினோம். பிறந்தநாள் கோல் நன்றாக வளர்ந்து ஆட்டுக்குட்டி அளவு ஆகியிருந்தது. கட்டைப்பையில் உட்காரவைத்ததும் தலையை வெளியே நீட்டிக்கொண்டது. செல்வராணி அதற்கு வழியில் தின்ன இரண்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பினாள்.

முதல் வீடு, மழைநாள் கோலை விட்ட கோல் கீப்பர் வீடு; பிள்ளை டியூஷன் போயிருந்தது. அதன் அம்மா தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "நனைஞ்சிருக்கே, கொடியில போடுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வீடு பக்கத்து ஊரில், சர்ச் தெருவில். பிறந்தநாள் ஆட்டத்தில் எதிர் அணியின் கோல் கீப்பர் பெனிட்டா. அவள் அப்பாதான் கதவைத் திறந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சுண்ணாம்பு இல்லாம அடையாளமே தெரியல உங்கள" என்றார். "உள்ள வாங்க."

வந்த விஷயத்தைச் சொன்னோம். பெனிட்டாவின் அம்மா, "அந்தக் கோலை விட்டதுலேர்ந்து கிளவுஸையே தொட மாட்டேங்குறா. என்னால எல்லாரும் தோத்தாங்கன்னு ஒரே அழுகை" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிற மாதிரி அந்தப் பக்கமும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அன்றைக்கு ஏன் எனக்குத் தோன்றவில்லை?

பெனிட்டா ஒல்லியான பிள்ளை. ஜோதியைவிட உயரம். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். ஜோதி கட்டைப்பையை அவள் முன்னால் வைத்து, "நீ விடல. எங்க அப்பா நகர்ந்துட்டாரு" என்றாள்.

பெனிட்டா மண்டியிட்டுப் பார்த்தாள். "இதுதான்" என்றாள். "என் இடது கைக்குக் கீழ போச்சு."

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கிளவுஸ் போட்டிருந்தாள். குனிந்து இரண்டு கையாலும் கோலைச் சேர்த்துப் பிடித்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். ரொம்ப சுத்தமான பிடி. அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத இடத்தில் திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு எங்களுக்குக் காப்பியும் முறுக்கும் வந்தது.

திரும்பும்போது ஜோதி வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அடுத்த சீசனில் வலது காலாலும் அடித்துப் பழக வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் என் முதுகைத் தட்டினாள். வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். பிறந்தநாள் கோல் பின்னாலேயே ஓடிவந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்தில் வந்து நின்று, காலில் உரசியது.

ஜோதி இறங்கி, அதன் உயரத்துக்குக் குனிந்தாள். "இங்க பாரு, நீ அவங்க வீட்டுப் பிள்ள. காணோம்னு தேடுவாங்க. போ" என்றாள். அது எங்களைப் பார்த்தது, ரோட்டைப் பார்த்தது. மணல் லாரிகள் போகிற ரோடு. எனக்கு மனசு கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கப் போனேன். ஜோதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவே பாத்துப் போயிரும்ப்பா" என்றாள்.

இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். கோல் ரோட்டின் ஓரத்துக்குப் போய் நின்றது. ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது. பிறகு இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, சர்ச் தெரு இருக்கிற பக்கமாகக் குடுகுடுவென்று ஓடிக் கடந்தது.